முதுகுப் பையில் மூன்று கிலோ

"தண்ணிக்குள்ள இறங்கக் கட்டுற ஈயத்தை ஊர் ஊராச் சுமந்துட்டுப் போறவங்க யாரும் கிடையாதும்மா," என்று சொல்லிக்கொண்டே, ஸ்கூபா முழுக்குச் சாமான் விற்கிற கடைக்காரப் பெண் அந்தப் பழைய ஜாக்கெட்டைத் தூக்கித் தராசில் போட்டாள். "போற இடத்துல பெட்டி நிறைய வெச்சிருப்பான். நம்ம உடம்புக்குப் பொருந்துறதை மட்டும் எடுத்துட்டுப் போனா போதும்." பேச்சு முடிவதற்குள் அவள் கண் தராசின் எண்ணில் போய் நின்றுவிட்டது. ஏழு கிலோ நூறு கிராம். ஜாக்கெட்டை எடுத்தாள், தராசு பூஜ்யத்துக்கு வந்ததா என்று பார்த்தாள், மறுபடி வைத்தாள். அதே ஏழு கிலோ நூறு.

எதிரே நின்ற மருந்தாளருக்கு இதில் அதிசயம் ஒன்றும் தெரியவில்லை. அந்த எண் அவளுக்கு மனப்பாடம். முதல் பயணத்துக்கு அப்புறம் ஒன்பது வருஷமாக ஒவ்வொரு முறையும் வீட்டுத் தராசில் நிறுத்திப் பார்க்கிற எண்தானே. ஜாக்கெட் ஏழு கிலோ என்பதால்தான் அவள் இரண்டாவது ஜோடிச் செருப்பை எடுத்துப் போனதில்லை. படிக்க நினைத்த புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனாள். ஒரு வருஷம் பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுத்துக்கூடக் கொண்டுபோயிருக்கிறாள். அதைச் சொல்லிச் சொல்லிக் கொழுந்தன் இன்றைக்கும் சிரிக்கிறான்.

"இந்த மாடல் நாலு கிலோதாம்மா. நானே எத்தனையோ வித்திருக்கேன். உள்ள தண்ணி நிக்குதா?"

"பழைய ரப்பர், உப்பு குடிச்சு கனத்துப் போச்சுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்வார்."

கடைக்காரப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. கழுத்தில் சாவிக்கொத்து தொங்கியது. உப்பு எங்கேயாவது மூன்று கிலோ குடிக்குமா என்று வாயால் கேட்கவில்லை, புருவத்தால் கேட்டாள். ஜாக்கெட்டைக் குப்புறப் போட்டாள். சிலிண்டர் கட்டுகிற பட்டைக்கு இரண்டு பக்கமும், முதுகில், உள்ளங்கை அளவு இரண்டு சின்னப் பைகள் இருந்தன. போட்டுக்கொள்கிறவர் கை எட்டாத இடம். வாய் மூடியிருந்தது. மூடி அல்ல, தையல். கறுப்பு நூலில், நெருக்கி நெருக்கி, குறுக்கும் மறுக்குமாக.

"இதை வேற யார்கிட்டயாவது இருந்து வாங்கினீங்களாம்மா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். அந்தத் தையலை அவளுக்குத் தெரியும். மெழுகு தடவிய கறுப்பு நூல். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு முடிச்சு. கணவருடைய கருவிப் பையின் கைப்பிடி அப்படித்தான் தைக்கப்பட்டிருக்கிறது. வீட்டு நாற்காலியின் மெத்தை, கார் இருக்கையின் கிழிசல், அவளுடைய கைப்பையின் வார், எல்லாவற்றிலும் அதே தையல். முப்பது வருஷமாகப் பார்த்த கை.

கடைக்காரப் பெண் கத்தரியை நுழைத்தாள். நீல நிறத் துணி சுற்றிய பொட்டலம் ஒன்று கண்ணாடி மேஜையில் விழுந்தது. சத்தம் துணிக்குள் அடங்கித் 'தொத்' என்றது. அடுத்தது. துணியைப் பிரித்தாள். இரண்டு ஈயக் கட்டிகள். தராசில் சேர்த்து வைத்தாள். மூன்று கிலோ, சுத்தமாக.

மருந்தாளர் கட்டிகளைத் தொடவில்லை. துணியை எடுத்து முகர்ந்து பார்த்தாள். ஏன் முகர்ந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கணவர் வேலையில் லிஃப்ட் தண்டவாளத்துக்குப் போடுகிற எண்ணெய் வாசம், உப்புத் தண்ணீரில் இத்தனை தடவை ஊறியும் போகாமல், மெல்லிசாக இருந்தது.

அவள் பெரிய மருத்துவமனை ஒன்றில் மருந்தகத்தின் தலைமை. டாக்டர் எழுதிக் கொடுத்த அளவையே நம்பாமல் நோயாளியின் எடையைக் கேட்டு இன்னொரு தரம் கணக்குப் போடுகிறவள். ஒரு புள்ளி இடம் மாறியிருந்ததை அவள் கண்டுபிடித்து ஒரு பச்சைக் குழந்தை பிழைத்திருக்கிறது. இளையவர்கள் அவளைக் கண்டால் நடுங்குவார்கள். அப்பேர்ப்பட்டவள் தன் முதுகில் இருந்த மூன்று கிலோவை ஒன்பது வருஷமாகக் கேள்வி கேட்காமல் சுமந்திருக்கிறாள். படகில் உபகரணம் கட்டுவது எப்போதும் கணவர் வேலை. "நீ உக்காரு மா, நான் பாத்துக்கறேன்" என்பார். சிலிண்டரோடு சேர்த்து முதுகில் ஏற்றுவார். இருபது கிலோவுக்கு மேல் அழுத்தும்போது அதில் மூன்று எது, நாலு எது என்று யாருக்குத் தெரியும்?

உண்மையில் அன்றைக்கு அவள் கடைக்கு வந்ததே ஜாக்கெட்டைத் தலைமுழுகத்தான். தன்னுடைய சாமான்களைக் கொடுத்துவிட்டு, கணவருக்கு மட்டும் புதிதாக, கனமில்லாததாக, வெதுவெதுப்பான கடலுக்கு ஏற்றதாக ஒரு முழு செட் வாங்கிப் போக வந்திருந்தாள். பன்னிரண்டு நாளில் பயணம். இந்த முறை தான் படகிலேயே உட்கார்ந்துகொள்வதாக வீட்டில் சொல்லியாகிவிட்டது. கணவரும் கொழுந்தனும் கொழுந்தன் மனைவியும் இறங்கட்டும்.

காரணம் அவளுடைய மூச்சு. எல்லோருக்கும் ஒரே அளவு சிலிண்டர்தான். மற்றவர்களுக்கு ஐம்பது நிமிஷம், ஒரு மணி நேரம் வரும். அவளுக்கு இருபத்தைந்தாவது நிமிஷத்தில் காற்றின் அளவைக் காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடும். காற்று தீர்ந்தவரை ஜோடியாக வந்தவர் மேலே கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்பது விதி. ஆகவே ஒவ்வொரு முறையும் கணவரும் அவளோடு ஏறிவிடுவார். மற்ற இருவரும் அரை மணி கழித்து, பார்த்ததையெல்லாம் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வருவார்கள். கொழுந்தன் அவளுக்கு 'அரைமணி அண்ணி' என்று பெயர் வைத்தான். "அண்ணி இறங்கினா மீனுக்கெல்லாம் மூச்சு முட்டும், பாவம்" என்பான். கெட்ட மனசு கிடையாது, வாய்தான். அவளும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறாள். வீட்டில் யாருக்கும் தெரியாமல் மூச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போனாள். கணவரிடம் சொல்லிவிட்டு நுரையீரல் டாக்டரிடம்கூடக் காட்டினாள், ஒரு குறையும் இல்லை என்றார். பயந்த சுபாவம், பதற்றம், உடம்பு வாகு என்று தனக்குத் தானே ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். போன வருஷம், பாறைக்கு அடியில் இருந்து பெரிய திருக்கை ஒன்று இறக்கையை விரித்து எழுந்த அதே நேரம் அவள் முள் சிவப்பைத் தொட்டது. கணவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஏறலாம் என்று கட்டைவிரலை மேலே காட்டினார். அன்றைக்குப் படகில் துண்டைப் போர்த்திக்கொண்டு, என்னால் இந்த மனுஷனுக்கும் ஒரு சுகமும் இல்லை என்று நினைத்தாள். அப்போது எடுத்த முடிவுதான் இது.

"பெல்ட்ல எத்தனை கிலோம்மா போடுவீங்க?" என்று கடைக்காரப் பெண் கேட்டாள்.

"ஆறு."

"உடை?"

"முதல்ல தடிமனா இருந்தது. இப்ப மெல்லிசு."

"தடி உடை மிதக்கும், அதுக்கு ஆறு சரி. மெல்லிசு போட்ட அப்புறமும் ஆறா? மேல இது ஒரு மூணா?" கடைக்காரப் பெண் விரல்விட்டு எண்ணி, ஒன்பது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அந்த முகத்தில் இருந்த சிரிப்பெல்லாம் வடிந்துவிட்டது. பின்புறம் பயிற்சிக் குளம் இருக்கிறது, பத்து நிமிஷம் போதும், இறங்கிப் பார்க்காமல் அனுப்பமாட்டேன் என்று சாவிக்கொத்தைக் கழற்றினாள்.

குளம் சின்னது, ஆனால் ஆழம். கடைக்காரப் பெண் மெல்லிய உடையும், மடித்தால் தலையணை உறைக்குள் அடங்கிவிடுகிற ஒரு ஜாக்கெட்டும், குதிகால் மூடிய குட்டைத் துடுப்பும் கொடுத்தாள். முக்கால்வாசி காலியான சிலிண்டரை மாட்டினாள். கடைசி நேரத்தில் சிலிண்டர் லேசாகி மிதக்கப் பார்க்கும், அப்போது எது சரியோ அதுதான் சரியான எடை என்றாள். பெல்ட்டில் இரண்டே கிலோ. மூச்சை இழுத்து நிறுத்தி, கைகாலை அசைக்காமல் செங்குத்தாக நிற்கவேண்டும். தண்ணீர் கண் மட்டத்தில் நிற்கவேண்டும். மூச்சை விட்டால் மெல்ல இறங்கவேண்டும்.

நின்றது. இறங்கினாள்.

ஒன்பது வருஷத்தில் அவள் தண்ணீருக்குள் படுத்ததே இல்லை. எப்போதும் கால் கீழே தொங்க, உடம்பு சாய்ந்து, மாடிப்படி ஏறுகிறவள் மாதிரி மிதித்துக்கொண்டே இருப்பாள். அதுதான் நீந்துவது என்று நினைத்திருந்தாள். இப்போது தரைக்கு ஒரு முழம் மேலே பலகை போல் கிடந்தாள். காலை அசைக்கவில்லை. மூச்சை இழுத்தால் ஒரு விரற்கடை எழுந்தாள், விட்டால் ஒரு விரற்கடை இறங்கினாள். காதில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. இவ்வளவு நிதானமாகவா நான் மூச்சு விடுகிறேன் என்று யாரோ ஒருத்தியின் மூச்சை ஒட்டுக்கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மேலே வந்ததும் கடைக்காரப் பெண், இது நல்ல தண்ணீர், கடலில் இன்னும் இரண்டு சேர்த்து நாலு கிலோ போதும் என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. கூடுதல் ஈயம் போட்டா அதைத் தாங்க ஜாக்கெட்டுல கூடுதல் காத்து அடிக்கணும். காலை மிதிச்சுட்டே இருக்கணும், சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துடும். ஏற ஏற அந்தக் காத்து உப்பும். கீழ பிடிச்சு வைக்கப் போட்ட ஈயமே ஒரு நாள் மேல தூக்கி எறிஞ்சுடும். யார் செஞ்சிருந்தாலும் பெரிய ஆபத்தும்மா."

யார் என்று அவள் சொல்லவில்லை. ஈரத்தோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்த மருந்தாளர் எழுந்தாள். இரண்டு கட்டிகளையும் அதே நீலத் துணியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கணவருக்கு என்று பார்த்துவைத்த எதையும் வாங்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கைப்பை வார் தோளில் அறுத்தது. அவர் தைத்த வார்.

கணவரை ஊரில் லிஃப்ட்காரர் என்றால்தான் தெரியும். அலுவலகக் கட்டடங்களில் லிஃப்ட் பரிசோதிக்கிறவர். கூண்டு ஒரு பக்கம் இறங்கினால் எதிர்ப்பாரம் இன்னொரு பக்கம் ஏறவேண்டும், அந்தப் பாரம் மட்டும் இல்லாவிட்டால் வெறும் கூண்டுகூட அடங்காது என்று வந்தவர் போனவருக்கெல்லாம் விளக்குவார். எதிலும் பத்திரத்துக்கு என்று கொஞ்சம் கூடுதலாகச் சேர்ப்பார். கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள். ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்னால். குடை இருவருக்கும் தனித்தனி. அந்தப் பத்திரத்தில்தான் அவளும் முப்பது வருஷம் சுகமாக இருந்தாள், இல்லை என்று சொல்ல முடியாது.

சாயங்காலம் அவர் வந்து முகம் கழுவிச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். புது ஜாக்கெட் வாங்கியாயிற்றா, எத்தனை கிலோ என்று கேட்டுக்கொண்டே துண்டால் காதைத் துடைத்தார். அவள் காப்பியை வைத்தாள். பக்கத்தில் இரண்டு கட்டிகளையும் வைத்தாள். நீலத் துணியை மடித்து அதன்மேல் வைத்தாள்.

துண்டு காதிலேயே நின்றது. எங்கே கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை. என்ன இது என்றும் கேட்கவில்லை. அந்த இரண்டையும் கேட்டிருந்தால் அவளுக்குக் கோபமாவது வந்திருக்கும்.

துண்டை மடியில் போட்டுக்கொண்டு முதல் வருஷத்துக் கதையை எடுத்தார். அவளுக்கு அது ஒரு வேடிக்கைக் கதை. அவளுடைய ஆறாவது முழுக்கு, பத்து மீட்டர் ஆழத்தில் இருந்து பந்து மாதிரி மேலே போய்விட்டாள், மேலே போய்ச் சிரித்தாள், மூக்கில் கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். அவருக்கு வேறு கதை இருந்தது. அவள் எழும்பியபோது அவர் காலைப் பிடித்தாராம். துடுப்பு மட்டும் கையோடு வந்ததாம். தண்ணீர் கலங்கல். தனியாகக் கீழே, கையில் ஒற்றைத் துடுப்போடு, மேலே எது கீழே எது என்று தெரியாமல் சுற்றினாராம். ஏறி வந்து பார்த்தால் படகில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஊருக்குத் திரும்பிய அந்த வாரமே தைத்துவிட்டார்.

"உன்னை மறுபடி மேல விட்டுடக் கூடாதுன்னுதான் மா."

கடைக்காரப் பெண் சொன்னதை, காற்று உப்புவதை, அவள் சொன்னாள். லிஃப்டைப் பற்றி ஊருக்கே பாடம் எடுக்கிறவருக்கு அது புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முகம் வெளுத்தது. கட்டி ஒன்றைத் தொட்டு, சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார். தெரியாது என்றார். சத்தியமாகத் தெரியாது என்றார். அதை அவள் நம்பினாள்.

ஆனால் அவள் நெஞ்சில் நின்றது அது அல்ல.

"அரைமணி அண்ணின்னு உங்க தம்பி சிரிக்கும்போது நீங்களும்தானே உக்காந்திருந்தீங்க. நான் டாக்டர்கிட்டப் போனப்ப ரிப்போர்ட்டை வாங்கிட்டு வந்ததே நீங்க. அப்பக்கூட வாயத் திறக்கலையே."

அவர் காப்பியைப் பார்த்தார். ஆடை படிந்திருந்தது. அவள் காத்திருந்தாள். மருந்தகத்தில் கை நடுங்குகிற புதியவர்கள் தவறை ஒப்புக்கொள்ளும் வரை காத்திருப்பாளே, அப்படி.

"முதல் வருஷம் வெச்சது உனக்காகத்தான்," என்றார். "அப்புறம் எடுத்திருக்கலாம். எடுக்கல."

"ஏன்?"

"இருபத்தஞ்சு நிமிஷம். அதுக்கு மேல என்னால கீழ இருக்க முடியாது மா." குரல் மேஜைக்குக் கேட்கிற அளவுதான் இருந்தது. "அந்த நாள்லேர்ந்து. எண்ணிட்டே இருப்பேன். உன் முள் சிவப்புக்கு வந்ததும்தான் எனக்கு உயிர் வரும். நீ கூப்பிட்டா ஏறலாம். நானா எப்படி ஏறுறது? தம்பி என்ன நினைப்பான்?"

அவளுக்குத் தலையில் யாரோ கல்லைத் தூக்கிப் போட்டது போல இருந்தது. கடையில் விழுந்தது முதல் கல். அது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு முறையும் அவள் காற்றுதான் முதலில் தீர்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் படகில் அவள்தான் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள், என்னால் உங்களுக்கும் போச்சு என்று. "பரவாயில்ல விடு" என்று அவர் தோளில் துண்டைப் போர்த்துவார். அந்தப் பரவாயில்லையில் இருந்த இதத்தை அவள் பெரிய மனசு என்று நினைத்து ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். திருக்கையை அவர் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்பதும் இப்போது புரிந்தது. அவளைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை அவர். அவளுடைய முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதில் இன்னொன்றும் இருந்தது. அவள் படகில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொன்ன நாளில் இருந்து அவர் சரியாகச் சாப்பிடவில்லை. தன்னை விட்டுவிட்டு இறங்க மனசில்லை போலிருக்கிறது என்று அவள் உருகிப் போயிருந்தாள்.

அழுகை வரவில்லை, சண்டையும் வரவில்லை. எழுந்து ஆறிப்போன காப்பியைக் கொட்டினாள். திரும்பி நின்றபடியே, சனிக்கிழமை காலையில் தான் குளத்துக்குப் போவதாகச் சொன்னாள். இனிமேல் தன் ஜாக்கெட்டைத் தானே கட்டிக்கொள்வதாகவும், கடலில் தானும் இறங்குவதாகவும் சொன்னாள். யாரோடு இறங்குவாள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவளுக்கே இன்னும் தெரியாது. மூச்சு முட்டுகிற நேரத்தில் திரும்பிப் பார்க்க ஒரு முகம் வேண்டும். ஒன்பது வருஷம் அந்த முகத்துக்குப் பின்னால் வேறு ஒரு கணக்கு ஓடியிருக்கிறது.

சனிக்கிழமை அவள் கூப்பிடாமலேயே அவர் காரை எடுத்து நிறுத்தினார். வழியில் ஒரு பேச்சும் இல்லை. கடையில் அவர் உள்ளே வந்து, மூலையில் தொங்கிய குட்டைத் துடுப்புகளை விலை விசாரிக்கிறவர்போல் புரட்டிக்கொண்டு நின்றார். கடைக்காரப் பெண் ஒரு பார்வையிலேயே தையல்காரர் யார் என்று கண்டுகொண்டாள். ஆனால் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது ஜோடி உபகரணத்தை மட்டும் குளத்தங்கரையில் கொண்டுவந்து வைத்துவிட்டு, அது யாருக்கு என்று சொல்லாமல் போய்த் தன் உடையை மாட்டிக்கொண்டாள்.

மருந்தாளர் சிலிண்டர் பட்டையைத் தானே இறுக்கினாள். போட்டுக்கொள்ளும் முன் முதுகுப் பைகள் இரண்டிலும் விரலை விட்டுத் துழாவிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற கணவர் அதைப் பார்த்தார், பார்க்காததுபோல் கூரையைப் பார்த்தார். "பாத்து" என்ற ஒரு வார்த்தை அவர் வாய்வரை வந்து திரும்பிப் போனது.

கீழே போய்க் கிடந்தாள். கடைக்காரப் பெண் எதிரே கையைக் கட்டிக்கொண்டு மிதந்தாள். பத்து நிமிஷம். பதினைந்து. தண்ணீரின் கூரையில் வெளிச்சம் துண்டு துண்டாக ஆடியது. அதற்கு நடுவில், கரை ஓரமாக, முழங்கால் வரை சுருட்டிய கால்சட்டைக்குக் கீழே இரண்டு பாதங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. தண்ணீருக்குள் அவை வெளுத்து, கொஞ்சம் பெரிதாக, யாருடையவோ போலத் தெரிந்தன. இடது பெருவிரல் நகத்தில் லிஃப்ட் கதவு பட்ட பழைய கறுப்பு. அதை வைத்துத்தான் அடையாளம்.

கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். இருபத்து நாலு. முள்ளைப் பார்த்தாள். பாதிக்குமேல் காற்று இருந்தது. கடலைவிடக் குளம் ஆழம் குறைவு, அதனால் காற்று மெதுவாகத்தான் தீரும் என்பது தெரியும், கடலில் இவ்வளவு நிற்காது என்பதும் தெரியும். இருந்தாலும் அந்த முள்ளை அவளால் நம்பமுடியவில்லை. விரலால் தட்டிப் பார்த்தாள். அது அசையவில்லை.

இருபத்தைந்து. இருபத்தாறு.

மேலே பாதங்கள் தண்ணீரைவிட்டு எழுந்தன. போய்விட்டார் என்று நினைத்தாள். மூச்சு ஒரு தரம் நின்று, பிறகு அதன்பாட்டுக்கு வந்தது. வெளிச்சத் துண்டுகள் கலைந்து கூடின. பக்கத்துச் சுவரில் இரும்பு ஏணி லேசாக அதிர்ந்தது. முதல் படியில், அவசரத்தில் கால் மாற்றி மாட்டிய, விரல் நுனி தெரிகிற துடுப்போடு, கறுத்த நகத்துக் கால் ஒன்று வந்து நின்றது. அடுத்த கால் இன்னும் வரவில்லை.